மண்ணில் மக்காத கவர்

4

காபிக்கென்று கொதிக்க வைத்த தண்ணீரை ஒரு பெண் கவர் துண்டுகளின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று துப்பறியும் ஆள் இல்லாமலே சொல்லிவிடலாம். ஆனாலும் கனகலக்ஷ்மிக்குத் துப்பறிவதுதான் தொழில். யாதவகிரியில் அந்தச் சனிக்கிழமைக் காலை, உமாதேவியின் சமையலறை மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, ஆவி பறக்கும் டபராக்களைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் அவளுடைய உதவியாளர் முனிராஜ். அவர் மனதில் இருந்தது ஒரே கேள்வி: காபி வருமா, வராதா.

முனிராஜ் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹனூர்ப் பக்கத்துக்காரர். கனகலக்ஷ்மியைவிட நன்றாகவே வயதில் மூத்தவர். அவளை 'அம்மணி' என்பார். அவள் அவரை 'அண்ணா' என்பாள். பொய் சொல்கிறவர்கள் முகத்தை ஆயுசு முழுக்கப் பார்த்துப் பழகிய கண், பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் பூத்துப்போய்விடும் என்று சொல்லி, மார்க்கெட் எதிரே அவள் வைத்திருக்கும் மாடி ஆபீசுக்கு வேலை கேட்டு வந்தவர். வந்த நாளிலிருந்து வாய் மூடியதில்லை.

அவர்களைக் கூப்பிட்டனுப்பிய உமாதேவி கெமிஸ்ட். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மஞ்சுநாத் என்பவர் நடத்தும் சின்ன பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருஷமாக ஒரே ஒரு கவரைச் செய்துகொண்டிருந்தாள். மக்காச்சோள மாவைக் கிளிசரினோடு வேகவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவகை பாலியெஸ்டர் குருணையோடு சேர்த்து உருக்கி, மெஷின் வாயில் பலூன் மாதிரி ஊதி எடுக்கிற கவர். வெளியே இருக்கும்வரை பிளாஸ்டிக் போல உழைக்கும். மண்ணுக்குள் போனால் சில மாதங்களில் மக்கி, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். குடகிலிருந்து பெள்ளியப்பா என்ற காபித் தோட்டக்காரர் அதற்காகக் காத்திருந்தார். நாற்று நடும்போது ஒவ்வொரு பாலிதீன் பையையும் கிழித்தெடுக்க வேண்டியிருக்கிறது. கிழிக்காமல் வைத்தால் வேர் சுருண்டு செடி சாகிறது. மக்கும் பையென்றால் அப்படியே குழியில் இறக்கிவிட்டுப் போகலாம்.

மக்குகிறது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சாலை முற்றம் முழுக்க சிமெண்ட். அதனால் தன் வீட்டுத் தோட்டத்தில், கணவர் சந்துரு பெரிய மனது பண்ணி ஒதுக்கிக் கொடுத்த ஒரு பாத்தியில், மாதத்துக்கு ஒரு துண்டாகப் புதைத்து, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு தகரச் சீட்டு குத்தி வைத்தாள். நேற்று முன்தினம் மஞ்சுநாத்தும் பெள்ளியப்பாவும் வந்தார்கள். தோண்டினார்கள். மழைக்காலம் பூராவும் மண்ணில் கிடந்த துண்டுகள், கடையில் அப்போதுதான் வாங்கினவை போலப் பளபளவென்று வெளியே வந்தன.

மஞ்சுநாத் ஒரு வார்த்தை திட்டவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அந்த மெஷினைப் பழையபடி பாலிதீனுக்கே திருப்பிவிடப் போவதாகச் சொல்லிக் காரில் ஏறினார். ஊரில் ஒரு ஜோலி இருந்ததால் பெள்ளியப்பாவும் சனிக்கிழமை வரை தங்கியிருந்து, பாலிதீன் பைக்கே ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். அந்தச் சனிக்கிழமைதான் இது.

அவர்கள் போனதுமே முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் டிஞ்சரை எடுத்துச் சொட்டு விட்டுப் பார்த்திருந்தாள் உமாதேவி. துண்டில் மாவு இருந்தால் நீலம் பாயவேண்டும். பாயவில்லை. யாரோ மாற்றிவிட்டார்கள் என்று மஞ்சுநாத்துக்குப் போன் போட்டாள். மண்ணில் இருக்கிற பூச்சி மாவை மட்டும் தின்றுவிட்டுப் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டிருக்கும், இதற்கு எதற்குத் திருடன் கதை என்று அவர் வைத்துவிட்டார். அதனால்தான் இன்றைக்கு வெந்நீர். அவளுடைய பாலியெஸ்டர் காபித் தண்ணீர் சூட்டுக்கே இளகி, கண்ணாடி போலத் தெளிந்து சுருண்டுகொள்ளும். பாலிதீனுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை.

பழைய துண்டுகள் வெந்நீரில் அசையாமல் கிடந்தன. முதல் வகுப்பில் ஓசியில் ஏறினவன் இப்படித்தான் தூங்குவது போலக் கிடப்பான் என்றார் முனிராஜ்.

புதிதாகப் புதைத்தவற்றைப் பார்த்தாயிற்றா என்று கனகலக்ஷ்மி கேட்டாள். உமாதேவி பார்க்கவில்லை. போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் புதைத்தவை. இன்னும் மக்க ஆரம்பித்திருக்காது என்று ஒதுக்கி வைத்துவிட்டாள். இப்போது எடுத்து வந்து டிஞ்சர் விட்டாள். மை கொட்டினது போல நீலம் பரவியது. வெந்நீரில் போட்டதும் துண்டு கூச்சப்பட்டாற்போலச் சுருண்டது.

ஆக, பழையவை மட்டும் போலி. புதியவை அசல். திருடனுக்கு நேரம் போதவில்லை என்று உமாதேவி முடிவு கட்டினாள். யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. மஞ்சுநாத்தின் மைத்துனன் அர்ஜுன். பாலிதீன் பகுதியைப் பார்த்துக்கொள்பவன். அந்த மெஷின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண்.

கனகலக்ஷ்மி ஒரு போலித் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உமாதேவி வெட்டினதெல்லாம் ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கத்தியால் இழுத்தது, ஓரம் நேர்கோடு. இதன் ஓரத்தில் சின்னச் சின்ன வளைவுகள், பல்லால் கடித்தது போல. ஒவ்வொரு கடியும் ஒரே அளவு. எதனால் வெட்டினால் இப்படி வரும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கைனடிக் ஹோண்டாவின் பின்சீட்டில் முனிராஜ் ஹெப்பாள் வரை அந்தக் காபியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அர்ஜுன் முப்பது வயதுக்காரன், பெல்ட்டில் பேஜர். நடந்ததைக் கனகலக்ஷ்மி சொல்லி, தன்மேல் சந்தேகம் என்று தெரிந்ததும் அவனுக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. தன்னை இவ்வளவு பெரிய ஆளாக இதுவரை யாரும் நினைத்ததில்லையாம். வெட்டுகிற இடத்துக்கு அவனே கூட்டிப் போனான். அங்கே இருந்தது எல்லாம் சூடான பிளேடு. வெட்டின ஓரம் நேராக, லேசாக உருகி ஒட்டியிருந்தது. கடி எதுவும் இல்லை. கத்தரிக்கோல் கூடக் கிடையாது; இருந்த ஒன்றையும் நூல் வெட்டக் கணக்குப்பிள்ளை கொண்டுபோய்விட்டார். முனிராஜ் அவன் முகத்தைத் தன் பழைய உத்தியோகப் பார்வையால் ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு, டிக்கெட் இருக்கிறது என்பது போலத் தலையசைத்தார்.

அர்ஜுன் கன்னடமும் தமிழுமாகக் கலந்து சொன்னதில் ஒன்று மட்டும் கனகலக்ஷ்மி காதில் தங்கியது.

"அந்தக்கா கவர் மக்கும் மேடம், அது எனக்குத் தெரியும். ஒழுகற பைப்புக்குக் கீழ ஒரு சுருள் கிடந்துது, ஒரு மாசத்துல பாசி புடிச்சு, கையில எடுத்தா பிஞ்சு வந்துது. அதனாலதானே எனக்கு பயம். ஆனா நான் மாத்தியிருந்தா எல்லாத்தையும் மாத்தியிருப்பேன். பழசை மட்டும் மாத்திட்டு நல்லதா ரெண்டை விட்டு வெக்க, எனக்கென்ன கிறுக்கா?"

கேட்டை விட்டு வெளியே வந்தும் அவள் வண்டியைக் கிளப்பவில்லை.

நல்லதா ரெண்டை. அதுதான் உறுத்தியது. மாற்றினவர் ஒவ்வொரு துண்டாகப் பார்த்திருக்கிறார். முழுசாக இருந்ததை விட்டுவிட்டார், கெட்டுப்போனதை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைத்திருக்கிறார். எதிரியின் கை அப்படிப் போகாது. கூடையில் அழுகின தக்காளியைப் பொறுக்குகிற கை அப்படிப் போகும். அந்தக் கைக்கு, மக்கினால் கெட்டது, முழுசாக இருந்தால் நல்லது. தொழிற்சாலையில் வாசல் கூர்க்கா வரை எல்லாருக்கும் அந்தக் கவர் மக்கத்தான் வேண்டும் என்று தெரியும். தெரியாத ஒருவர், அந்தப் பாத்திக்குப் பக்கத்திலேயே, தினமும்.

பகையால் செய்தவனைப் பிடித்துக் கொடுப்பதில் அவளுக்கு ஒருபோதும் சங்கடம் இருந்ததில்லை. உங்கள்மேல் இவருக்குப் பொறாமை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கோபம் வரும். கோபத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கலாம். உங்கள்மேல் இவருக்குப் பிரியம், ஆனால் நீங்கள் பேசினது எதுவும் காதில் ஏறவில்லை என்று எப்படிச் சொல்வது? எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள் அந்தப் பெண்?

"என்னுங்க அம்மணி, டிக்கெட் எடுக்காதவன் மாதிரி ஆயிடுச்சு உங்க மூஞ்சி" என்றார் முனிராஜ்.

"ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன்ணா. அதான்."

சந்துரு டெலிபோன் இலாகாவில் வேலை பார்க்கிறார் என்பது அவருடைய சம்பளத்துக்கு மட்டும் தெரிந்த விஷயம். மற்றபடி அவர் தோட்டக்காரர். தசரா சமயத்தில் நடக்கும் வீட்டுத் தோட்டப் போட்டியில் வாங்கின கோப்பைகள் கூடத்தில் வரிசையாக இருந்தன. அவர்கள் திரும்பி வந்தபோது அவர் ரோஜாப் பாத்தி நடுவில் குந்தியிருந்தார். காலையிலிருந்தே அங்கேதான் இருந்தார். உள்ளே மனைவி வெந்நீரோடு போராடியபோதும் எட்டிப் பார்க்கவில்லை. பரிசோதகர் வருகிறபோது ஜன்னலுக்கு வெளியே இயற்கைக் காட்சியை ரசிக்கிறவர்களைத் தான் முதலில் கவனிப்பது வழக்கம் என்று முனிராஜ் தணிந்த குரலில் சொன்னார்.

கனகலக்ஷ்மி ரோஜாக்களைப் புகழ்ந்தாள். பொய்யில்லை, பூக்கள் நன்றாகவே இருந்தன. ஒன்று கிடைக்குமா என்றாள். அவர் முகம் மலர்ந்து, பாக்கெட்டிலிருந்த செடி வெட்டும் கத்தரியால் நீளக் காம்போடு ஒன்றை வெட்டினார். வண்டியில் வாடிவிடும், ஈரத்துணியை வைத்து மேலே ஒரு பிளாஸ்டிக் சுற்றித் தரமுடியுமா என்று கேட்டாள். அவர் கொட்டகைக்குள் போய் வெள்ளைப் பாலிதீன் சுருளோடு வந்தார். யோசிக்கவே இல்லை. அதே கத்தரியால், கடித்துக் கடித்து ஒரு துண்டு வெட்டினார்.

கனகலக்ஷ்மி கைப்பையிலிருந்த துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு ஓரத்திலும் ஒரே கடி.

அவர் கத்தரியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அப்புறம் மெல்லச் சொன்னார். ஆவணி மாதத்தில் களை எடுக்கும்போது மண் விலகி ஒரு துண்டின் ஓரம் தெரிந்ததாம். ஓரமெல்லாம் ஓட்டை. அவருடைய மண், அவருடைய பொறுப்பில் இருந்த பாத்தி. வேப்பம் புண்ணாக்கு போட்டுப் பார்த்தார். தண்ணீரைக் குறைத்தார். அப்படியும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. போட்டி நடுவர்கள் சொல்லாமல் கொள்ளாமல்தான் வருவார்கள்; உமாவின் ஆட்களும் அப்படித்தான் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"பாத்தியில செத்த செடியை யாராவது விட்டு வெப்பாங்களா? பிடுங்கிட்டு அதே இடத்துல நல்லதா ஒண்ணு வெப்போம். எல்லாரும் செய்யறதுதான். அன்னிக்கு ராத்திரி உமா வந்து எல்லாம் போச்சுன்னு அழுதா. கண்டுபிடிச்சுட்டாங்க, டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். உள்ளதைச் சொல்ல எனக்கு தைரியம் வரலை."

பின்கட்டு வாசலில் உமாதேவி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. படியிறங்கி நேராக அவரிடம் வந்தாள்.

"நான் இந்த ரெண்டு வருஷமா என்ன செய்யறேன்னு நினைச்சீங்க?"

"கிழியாத கவர்" என்றார் அவர்.

அவள் கனகலக்ஷ்மியிடமிருந்து அந்தப் போலித் துண்டை வாங்கினாள்.

"தினமும் அதைத்தானே சொல்வே உமா. மாவு ஜாஸ்தியாச்சு, அப்பளம் மாதிரி உடையுது. கிளிசரின் ஜாஸ்தியாச்சு, பிசுபிசுங்குது. இன்னிக்கு பலூன் நிக்கலை, கிழிஞ்சுபோச்சு. ஒருநாள் வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டாம, இன்னிக்குக் கிழியலைன்னு சொன்னே. அன்னிக்கு பாயசம் வெச்சே. அது கெடாம இருக்கணும்னுதான் நான்..."

திட்ட வந்த உமாதேவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கனகலக்ஷ்மி அதைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். கோபம் ஒரு முகத்தில் வழி தெரியாமல் திரும்பிப் போவதைப் பார்ப்பது கஷ்டம். மக்குவதைப் பற்றி உமாதேவி ஆபீசில் பேசியிருக்கிறாள், பெள்ளியப்பாவிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறாள். வீட்டுக்குக் கொண்டு வந்தது கிழிசலை மட்டும்தான். அவர் கேட்கமாட்டார் என்று அவளாகவே தீர்மானித்து, பாதியைச் சொல்லாமலே விட்டிருந்தாள். அவர் கேட்ட பாதியை ஒரு எழுத்து விடாமல் வைத்திருந்தார்.

"அது மக்கணுங்க" என்றாள் கடைசியில். "மக்கறதுக்காகத்தான் அதைப் புதைச்சதே."

சந்துரு அந்தப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். காபித் தூளுக்குப் பதில் மிளகாய்த் தூளைப் போட்டவர் முகம் போலிருந்தது என்று முனிராஜ் பிற்பாடு வர்ணித்தார். அப்போது மட்டும், அவரே ஆச்சரியப்படும்படி, வாயைத் திறக்கவில்லை.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. புருஷன் மாற்றிவிட்டார் என்று மனைவி சொன்னால் மஞ்சுநாத் சிரிப்பார். மக்கின துண்டுகளே கையில் வேண்டும். எருக்குழியில் போட்டுவிட்டாரா என்று உமாதேவி கேட்டாள். எருக்குழி என்றால் இந்நேரம் எதுவும் மிச்சமிருக்காது. அவளுடைய கவர் அவ்வளவு நல்ல கவர்.

அவர் கொட்டகைக்குள் போனார். டேலியாக் கிழங்குகளை அடுத்த பருவத்துக்காக உலர்ந்த மணலில் புதைத்து வைக்கும் மரப்பெட்டியைத் தூக்கி வந்தார். ஈரம் பட்டால் கிழங்கு அழுகிவிடும். காய்ந்த மணலில் எதுவும் அப்படியே நிற்கும். மணலை விலக்கினார். கிழங்குகளுக்கு நடுவே, கெட்டுப்போன துண்டுகள் எல்லாம் ஒரு தட்டில் வரிசையாக, பத்திரமாகப் படுத்திருந்தன. ஒன்றில் சல்லடை போல ஓட்டை. அடுத்தது இலை நரம்பு மாதிரி. முதலில் புதைத்ததில் விரல்நுனி அளவு சில துணுக்குகள்தான் பாக்கி.

"உன் சாமானாச்சே. தூக்கிப் போட மனசு வரலை" என்றார்.

உமாதேவி தட்டின்மேல் குனிந்தாள். இரண்டு வருஷ வேலை, வரிசைப்படி, மாதம் மாதமாக மக்கி, அவள் கண்ணெதிரே கிடந்தது. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று முனிராஜ் தவித்துப் போய்க் கனகலக்ஷ்மியைப் பார்த்தார். உமாதேவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலைக்குப் போக சந்துரு லேசில் ஒப்பவில்லை. போட்டியில் பரிசு வாங்கினவர், அத்தனை பேர் எதிரே, தன் பாத்தியில் எல்லாம் கெட்டுப்போச்சு என்று எப்படிச் சொல்வது? அவர் வராவிட்டால் மெஷின் சாயங்காலம் பாலிதீனுக்குப் போய்விடும் என்று கனகலக்ஷ்மி எடுத்துச் சொன்னாள். உமாதேவி அவரைக் கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. பெட்டியைத் தானே தூக்கப் பார்த்தாள். கனத்தது. அவர் வாங்கிக்கொண்டார்.

மஞ்சுநாத்தின் அறையில் பெள்ளியப்பா ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். முதலில் துண்டுகளைப் பார்த்த மஞ்சுநாத், இவற்றை வீட்டிலேயே அமிலத்தில் முக்கி எடுத்திருக்கலாமே என்றார். உமாதேவியின் முகம் வெளுத்தது. அவளுடைய டிஞ்சரையும் வெந்நீரையும் அவர் கேட்கத் தயாராயில்லை. மேஜைமேல் பாலிதீன் ஆர்டர் தயாராக இருந்தது.

பெள்ளியப்பா மட்டும் சந்துருவின் நகக்கண்ணில் இருந்த செம்மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே நீங்கள் பார்த்தபோது இது மண்ணில் இப்படித்தான் இருந்ததா என்று அவரை நேராகக் கேட்டார்.

சந்துரு எழுந்து நின்றார். காது சிவந்திருந்தது.

"என் மண்ணுல எதையும் நான் இப்படி விட்டதில்லை சார். புண்ணாக்கு போட்டேன், தண்ணியை நிறுத்தினேன், மண்ணையே மாத்தினேன். மொதல்ல ஓரம், அப்புறம் நடுவுல ஓட்டை, அப்புறம் மண்புழு உள்ள பூந்து போகுது. ஒண்ணைக்கூட என்னால காப்பாத்த முடியலை."

பெள்ளியப்பா ஒரு துணுக்கை எடுத்து விரலிடையில் தேய்த்தார். அது மண்ணோடு மண்ணாகப் பொடிந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த பாலிதீன் ஆர்டரை மஞ்சுநாத் பக்கம் தள்ளினார். மெஷின் அப்படியே ஓடட்டும், முதல் பைகளைத் தன் நாற்றங்காலிலேயே புதைத்துப் பார்க்கலாம், அடுத்த மழை முடிவதற்குள் மக்கினால் தோட்டம் முழுவதுக்கும் இவர்களிடமே வாங்கிக்கொள்கிறேன், புதைக்கிற செலவு தன்னுடையது என்றார். மஞ்சுநாத் அந்தத் தாளையும் உமாதேவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆகட்டும் என்றார்.

உமாதேவிக்குச் சம்மதமா என்று பெள்ளியப்பா கேட்டார்.

"சம்மதம்" என்றாள் அவள். "ஒரே ஒரு நிபந்தனை. மழை முடியற வரைக்கும் இவரை அந்தப் பக்கம் விடாதீங்க."

முதலில் சிரித்தது சந்துருதான்.